சீரகப் பொட்டலத்து மந்திரவாதி

திருச்சுழி
12.1.1987

அன்புத் தம்பி ராஜகுருவுக்கு அக்கா சரஸ்வதி எழுதுவது.

நான், உன் அத்தான், பிரவீணா மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உனக்குச் சளி விட்டதா? மெட்ராஸ் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே என்று எத்தனை தடவைதான் எழுதுவது.

நலம் விசாரித்தாகிவிட்டது, விஷயத்துக்கு வருகிறேன். நீ மாதாமாதம் உன் ஆபீசிலிருந்து பிரவீணாவுக்கு அனுப்புகிற சிறுவர் புத்தகத்தை இத்தோடு நிறுத்திக்கொள். அரைப் பரீட்சையில் புவியியல் தாளில், 'நம் பகுதியில் மழை குறைவாகப் பெய்வது ஏன்?' என்று கேட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை, மலை, காற்று என்று தெரிந்ததை எழுத வேண்டியதுதானே? உன் மருமகள் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? கருவேலங்காட்டு மந்திரவாதி மேகங்களை எல்லாம் பிடித்து ஊறுகாய் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்திருக்கிறானாம். அதுவும் ஒன்றரைப் பக்கம்.

வாத்தியார் உன் அத்தானை வரச்சொல்லி, மற்ற வாத்தியார்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். கடைக்குத் திரும்பி வந்த மனுசர் தராசைக்கூடத் தொடவில்லை. "எட்டாவதோட போதும். மந்திரவாதி கதை படிக்கிறதுக்கு ஒன்பதாவது வேற போகணுமாக்கும்" என்று சொல்லிவிட்டார். அவர் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான், உனக்கே தெரியும்.

ஜூன் மாதம் பிரவீணா ஒன்பதாம் வகுப்பில் உட்கார வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். பறக்கிற கட்டில், பேசுகிற பல்லி, இதெல்லாம் வளர்கிற பிள்ளைக்கு எதற்கு? 'அணில்வால்' என்று பெயர் வைத்துக்கொண்டு அந்தத் தொடர்கதையை எழுதுகிறானே ஒருவன், அவனுக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறதா? இருந்தால் முதலில் அதுகளிடம் வாசித்துக் காட்டச் சொல்.

அக்கா,
சரஸ்வதி


சென்னை
27.1.1987

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி ராஜகுரு வணங்கி எழுதுவது.

சளி விட்டுவிட்டது. தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறேன். உனக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே, சிரித்துவிட்டேன். நம்மூரில் மழை ஏன் பெய்யவில்லை என்று நானும் சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், பிரவீணா அளவுக்குத் தெளிவாக யாரும் பதில் சொன்னதில்லை. ஜாடிக்குள் மேகம் இருக்காது என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் பிள்ளைகள் படிக்கிறார்கள். பொய் என்று தெரிந்து படிக்கிற பொய்யால் யாரும் கெட்டுப்போனதில்லை.

அணில்வாலை எதற்குத் திட்டுகிறாய்? பாவம், அவர் கல்யாணம் ஆகாதவர். நான் அங்கே பிழை திருத்துகிறவன், அவ்வளவுதான். பிப்ரவரி இதழை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஊழியர்களுக்குச் சும்மா கொடுப்பது, வீணாக்குவானேன்? அத்தானிடம் என் வணக்கத்தைச் சொல். நான் சொன்னேன் என்று பிரவீணாவுக்கு ஒரு முத்தம்.

தம்பி,
ராஜகுரு


திருச்சுழி
16.2.1987

தம்பி ராஜகுருவுக்கு அக்கா எழுதுவது.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன்னை அனுப்பாதே என்றால் அனுப்புகிறாய், பிறகு முழங்காலை விசாரிக்கிறாய்.

தெரிந்துதான் படிக்கிறார்களாம். தெரிந்து படிக்கிற பிள்ளை அதைப் பரீட்சையில் எழுதுமா? நீ சிரித்துவிட்டுப் போய்விட்டாய். இங்கே ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கப்போகிறது, அது உனக்கு உறைக்கவே இல்லை.

நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். பெட்டியிலிருந்த பதினான்கு புத்தகங்களையும் எடுத்துக் கம்பியைப் பிரித்து, தாள் தாளாகக் கிழித்துக் கடைக்கு அனுப்பிவிட்டேன். சீரகம், கடுகு, வெந்தயம் மடிக்க அளவான தாள். அருப்புக்கோட்டையில் எடைக்கு வாங்குகிற பழைய பேப்பரைவிட முரடாக இருக்கிறது, பொட்டலம் பிரிவதில்லை என்று உன் அத்தானுக்குச் சந்தோஷம். கிழிக்கும்போது பிரவீணா பக்கத்தில்தான் நின்றாள். அழவில்லை. எந்தத் தாள் எந்தக் கட்டில் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இதற்கு நீ பாடம் நடத்திப் பதில் போட வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
சரஸ்வதி


திருச்சுழி
30.3.1987

தம்பி ராஜகுருவுக்கு,

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. பாடம் நடத்தாதே என்றேன், எழுதவே எழுதாதே என்றா சொன்னேன்? உடம்பு சுகம்தானே? யாருடைய புத்தகத்தையோ கிழித்ததற்கு உனக்கு ஏன் இத்தனை கோபம் என்று எனக்குப் புரியவில்லை.

இங்கே நடந்ததைக் கேள். போன வியாழக்கிழமை பிரவீணா பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. மதியம் சோறு கொண்டுபோனால் காலையிலிருந்தே ஆள் வரவில்லை என்கிறார்கள். ஊருணி, கோயில், பஸ் ஸ்டாண்டு என்று அலைந்தேன். கடைசியில் பரளச்சி போகிற பஸ் கண்டக்டர்தான், மேலக்கண்மாய்ப்பட்டிக்குப் பிரிகிற விலக்கு ரோட்டில் ஒரு பிள்ளையை இறக்கிவிட்டதாகச் சொன்னார்.

போய்ப் பார்த்தால் ஒச்சம்மாள் வீட்டுக் களத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒச்சம்மாள் நம் கடைக்கு வாடிக்கை, மானாவாரி மிளகாய் போடுகிறவள். சந்தை அன்று அவள் வாங்கிப்போன சீரகப் பொட்டலத்தில்தான் ஏழாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் போயிருக்கிறது. அதை மீட்க இந்த மகராசி பஸ்ஸேறிப் போயிருக்கிறாள். மீட்டதோடு வரவில்லை. ஏழெட்டுப் பொம்பளைகள் வத்தலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருக்க, நடுவில் உட்கார்ந்து சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருக்கிறாள். நான் மூச்சிரைக்கப் போய் நிற்கிறேன், ஒச்சம்மாள் என்னிடம், "செத்த இருங்கத்தா, அந்தக் குதிரை கெணத்தத் தாண்டட்டும்" என்கிறாள்.

குதிரை தாண்டியது. பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்தேன். உன் அத்தான் திட்டவில்லை, அடிக்கவில்லை. "முழுப் பரீட்சை எழுதட்டும். அதுக்கப்புறம் வீட்டுல இருக்கட்டும்" என்றார். முடிந்தது.

அக்கா


சென்னை
8.4.1987

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. எழுதாதது என் தப்பு. கோபம் இல்லை, என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்.

பிரவீணா பத்திரமாக வந்து சேர்ந்ததே போதும். அவளை அடிக்காதே. அத்தானுக்கு நான் தனியாக எழுதட்டுமா? ஒரு கதையால் அவள் படிப்பு நிற்குமானால் அதைப்போல எனக்குப் பாவம் வேறு கிடையாது. நீ சொன்னால் அந்தத் தொடரை அடுத்த மாதத்தோடு நிறுத்திவிடுகிறேன்.

அவளை ஒன்பதாம் வகுப்புக்கு எப்படியாவது அனுப்பிவிடு, அக்கா. உன்னால் முடியும்.

தம்பி,
ராஜகுரு


திருச்சுழி
4.5.1987

தம்பி ராஜகுருவுக்கு அக்கா எழுதுவது.

வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஊருணியில் சேறுதான் மிச்சம். மற்றபடி சுகம்.

தொடரை நிறுத்திவிடுகிறாயாமே. பிழை திருத்துகிறவன் நிறுத்தினால் நிற்குமா? உன் ஆபீசில் என்ன நடக்கிறதோ எனக்குத் தெரியவில்லை. ஆனால் இப்போது நிறுத்தித் தொலைத்துவிடாதே. ஏன் என்று சொல்கிறேன், சிரித்தாயானால் அடுத்த பஸ்ஸில் வந்து உதைப்பேன்.

மேலக்கண்மாய்ப்பட்டிப் பொம்பளைகள் சும்மா இருக்கவில்லை. சந்தைக்குச் சந்தை பழைய பொட்டலத் தாளை நீவி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, இதற்கு அடுத்த தாளில் கட்டிக் கொடு என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்லி இப்போது நாலு ஊர் கேட்கிறது. ஆவுடைத்தாய் கடுகு வேண்டாம் என்கிறாள், மந்திரவாதி வருகிற தாளில் எது இருந்தாலும் கொடு என்கிறாள். டிராக்டர் ஓட்டுகிற மருதுபாண்டி ஒரே நாளில் மூன்று தடவை வெந்தயம் வாங்குகிறான். மீசை வைத்த ஆம்பிளை, பொண்டாட்டி கேட்டாள் என்கிறான். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

வியாபாரம் கூடியதும் உன் அத்தான் என்னிடம் வந்து, "ஒந் தம்பிகிட்டச் சொல்லி பழைய புஸ்தகம் இன்னும் ஒரு கட்டு அனுப்பச் சொல்லு" என்கிறார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிள்ளை படித்தால் கெட்டுப்போவாள், ஊர் படித்தால் வியாபாரமா என்று கேட்டேன். அது வேறு இது வேறு என்றுவிட்டார். பிரவீணா பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தேறியிருக்கிறாள். அதற்கும் அவர் மனசு இளகவில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டது நான். எட்டாம் பக்கம் போக வேண்டியவளுக்குப் பத்தாம் பக்கம் போய்விட்டால் சண்டைக்கு வருகிறார்கள். யாருக்கு எது போயிற்று என்று நான் உட்கார்ந்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேறு வேலையே இல்லையா? அடுக்கும்போது ஒன்றிரண்டு வரி கண்ணில் படுகிறது, படிக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒன்று கேட்கிறேன். மந்திரவாதிக்குப் பின்மண்டையிலும் கண் இருக்கிறது என்று மூன்றாம் அத்தியாயத்தில் போட்டிருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் பின்னால் வந்து கோணிப்பையை மாட்டினார்களாம். பிழை திருத்துகிற லட்சணமா இது?

இன்னொன்று. தம்பியைக் காட்டைத் தாண்ட விடுவதற்காக அக்காள்காரி கல்லாக நின்றுவிட்டாளே, அவள் கடைசியில் எழுந்திருப்பாளா? நான் கேட்கவில்லை. ஒச்சம்மாள் கேட்கச் சொன்னாள்.

அக்கா,
சரஸ்வதி


சென்னை
15.5.1987

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சிரிக்கவில்லை, சத்தியமாக.

பழைய இதழ்கள் ஒரு கட்டும், மே மாத இதழில் பத்துப் பிரதியும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பின்மண்டைக் கண் விஷயம் உண்மைதான், தப்பு நடந்துவிட்டது. இத்தனை பேர் படித்தும் உன்னைத் தவிர ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒச்சம்மாளிடம் சொல்லிவிடு. ஜூலை இதழோடு கதை முடிகிறது. அக்காள் எழுந்திருக்க மாட்டாள். தம்பி பட்டத்துக்கு வருகிறான், வருசத்துக்கு ஒரு நாள் வந்து அந்தக் கல்லுக்கு மாலை போடுகிறான். அணில்வால் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். அதுதான் நியாயமான முடிவு என்று நினைக்கிறார். 

தம்பி,
ராஜகுரு


திருச்சுழி
29.5.1987

ஏலே ராஜகுரு,

நலம் விசாரிக்க இன்று எனக்குப் பொறுமை இல்லை.

மே மாதப் புத்தகத்தைப் படித்தேன். ஆமாம், படித்தேன். அடுக்கவில்லை, அட்டையிலிருந்து அட்டை வரை உட்கார்ந்து படித்தேன். அக்காள் கல்லாவதற்கு முன்னால் தம்பி கையில் ஒரு தகர டப்பாவைக் கொடுத்தாளாம், தம்பி அதை இப்போது நினைத்துப் பார்க்கிறான். மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஊசியால் கீறிய மயில் ஒன்று இருக்கிறது, ஊசி வழுக்கிவிட்டதால் மயிலுக்கு மூன்று கால் என்று போட்டிருக்கிறது.

மூன்று கால் மயில் இந்த உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. என் ஜாமெட்ரி பாக்ஸ் மூடியில். நான் கீறியது. உனக்குக் கொடுத்தது.

எத்தனை வருசமாக இந்த வேலை? பிழை திருத்துகிறாயாம். நான் அணில்வாலைத் திட்டித் திட்டி எழுதினேன், நீ கூசாமல் 'பாவம், கல்யாணம் ஆகாதவர்' என்று பதில் போட்டாய். அது போகட்டும். என்னைக் கல்லாக்கி வைத்திருக்கிறாயே, அதற்கு என்ன சொல்கிறாய்?

எட்டாவது முடித்ததும் அப்பா, ஒருத்தர்தான் படிக்க முடியும் என்று என்னை நிறுத்தினார். நீ ஆறாவது போனாய். டப்பாவை உன் பையில் போட்டுவிட்டு நான் அழுதேன். உனக்காக அழுததாக நீ கதையில் எழுதியிருக்கிறாய். இல்லை. ஒன்பதாவதில் வட்டத்துக்குத் தொடுகோடு போடச் சொல்லித் தருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது என்னவென்று தெரியாமலே போகிறதே என்று எனக்காகத்தான் அழுதேன். இருபத்திரண்டு வருசம் கழித்து உனக்குத் தெரியட்டும்.

வருசத்துக்கு ஒரு மாலையாம். யாருக்கு வேண்டும் உன் மாலை? நான் கடை பார்க்கிறேன், பிள்ளை வளர்க்கிறேன், ஊர்ச் சனத்துக்கெல்லாம் உன் மந்திரவாதியைப் பக்கம் மாறாமல் மடித்துக் கொடுக்கிறேன். கல் இதையெல்லாம் செய்யுமா?

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது. உன் அத்தான் இன்னும் அசையவில்லை. பிரவீணா பழைய புத்தகப்பையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.

சரஸ்வதி


சென்னை
5.6.1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு ஒன்றுமில்லை.

நான்தான் அணில்வால். நாலு வருசமாக. முதலில் வெளியே சொல்ல வெட்கம், பிறகு உன்னிடம் மட்டும் சொல்லப் பயம். நீ நிறுத்தப்பட்டதால்தான் நான் பத்தாவதும் அதற்கு மேலும் படித்தேன். அது எனக்கு மறந்த நாள் இல்லை. ஆனால் ஒரு நாளாவது வாயைத் திறந்து உன்னிடம் சொன்னதில்லை, நீயும் பேசியதில்லை. கதையில் எழுதினால் பாரம் குறையும் என்று நினைத்தேன். அக்காளை எப்படி எழுப்புவது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், எந்த மூலிகையும், எந்த மந்திரமும் எனக்கே பொய்யாகத் தெரிந்தது. அதனால்தான் மாலை போட்டேன். மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

கடைசி அத்தியாயம் இருபதாம் தேதிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். உனக்கு வழி தெரிந்தால் சொல். நீ சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

உன் தம்பி,
ராஜகுரு


திருச்சுழி
15.6.1987

அன்புத் தம்பி ராஜகுருவுக்கு அக்கா சரஸ்வதி எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். போன கடிதத்தில் நான் விசாரிக்காமல் விட்டதற்கும் சேர்த்துக் கேட்கிறேன், நீ சுகமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன சந்தை அன்று நான் கடையில் வந்து உட்கார்ந்தேன். ஒச்சம்மாள், ஆவுடைத்தாய், மருதுபாண்டி என்று எல்லாரும் வந்து நின்றார்கள். மே மாதக் கதையோடு சரி, இனிமேல் இந்தக் கடைக்கு மந்திரவாதி வர மாட்டான் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். "எம் மக ஒம்பதாவது போனாத்தான் கடைசி அத்தியாயம் வரும். அவ வீட்டுல இருந்தா மந்திரவாதியும் வீட்டுலதான் இருப்பான்" என்றேன். உன் அத்தான் சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தார். அள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது.

அதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. ஒச்சம்மாள்தான் பிடித்துக்கொண்டாள். எங்களுக்கு வாசித்துச் சொன்ன பிள்ளையை எதற்கு நிறுத்தினீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வாங்க எடுத்ததை வைத்துவிட்டு நின்றார்கள். மருதுபாண்டி வெந்தயமே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். உன் அத்தான் என்னைப் பார்த்த பார்வையை உன் மந்திரவாதி பார்த்திருந்தால் கருவேலங்காட்டைக் காலி செய்துகொண்டு போயிருப்பான். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பிரவீணாவைக் கூட்டிப்போய் அவரே சேர்த்துவிட்டு வந்தார். வந்தவர், "ஒந் தம்பிக்கு எழுதிப் போடு. ஜூலைப் புஸ்தகம் முப்பது வேணும்" என்றார். சொன்னால் சொன்னதுதான் என்று இத்தனை வருசம் நான்தான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாயக் கதை பிள்ளைகளுக்கு ஆகுமா ஆகாதா என்று என்னைக் கேட்டால், இன்னும் எனக்குத் தெரியாது. பரீட்சையில் எழுதினால் ஆகாது என்று பிரவீணாவிடம் சொல்லியிருக்கிறேன்.

கடைசி அத்தியாயத்தை நீ எழுத வேண்டாம். நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கடைத் தாள்தான், கொஞ்சம் சீரக வாசம் அடிக்கும். மூலிகை, மந்திரம் எதுவும் கிடையாது. அக்காள் அந்தக் காட்டில் வருசக்கணக்காக நிற்கிறாள், எவனாவது வந்து எழுப்புவான் என்று பார்க்கிறாள். தம்பி மாலையோடு வந்து அழுதுவிட்டுப் போகிறான். மூன்றாவது மாலையில் அவளுக்கு அலுத்துப்போய்விடுகிறது. "சரி, போதும்" என்று எழுந்து, புடவையைத் தட்டிவிட்டு நேரே மந்திரவாதி வீட்டுக்குப் போய் ஜாடித் துணியை அவிழ்த்துவிடுகிறாள். மழை கொட்டுகிறது. பின்மண்டைக் கண்ணுக்கும் ஒரு காரணம் எழுதிச் சேர்த்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் திருத்து, வேறு எதிலும் கை வைக்காதே.

அந்த டப்பா உன்னிடம்தானே இருக்கிறது? பார்சலில் அனுப்பி வை. அடுத்த வாரம் பிரவீணாவுக்கு வட்டம் ஆரம்பிக்கிறார்களாம். தொடுகோடு வந்ததும் எனக்கும் சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அக்கா,
சரஸ்வதி